கருப்புக் கத்திக்கு எண்ணெய்தான் காவல்

மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கும். விரித்தால் குறடு, கத்தி, ரம்பம், திருப்புளி எல்லாம் வெளியே வரும். 'மல்டி டூல்' என்கிற இந்தக் கருவி இப்போது சின்ன ஊர் ஹார்டுவேர் கடைகளுக்கும் வந்துவிட்டது. பளபளவென்று வெள்ளையாக இருந்தால் ஒரு விலை, அதே கருவி கருப்பாக இருந்தால் அதைவிடக் கூடுதல் விலை. "கருப்பு போட்டது துருவே பிடிக்காதாமே, கூடக் கொடுத்து வாங்கலாமா?" என்று எங்கள் பக்கத்தில் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். இந்த இதழுக்கும் இதே கேள்வியை யாராவது அனுப்பாமல் இருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. திருவொற்றியூரில் ஒரு சிறு பட்டறையில் 22 வருடம் இரும்புக்குக் கருப்பு ஏற்றியவன் நான். இப்போது பொன்னேரிப் பக்கம் கொஞ்சம் நெல்லும் நான்கு மாடுகளுமாக இருக்கிறேன். அங்கே கற்றதை இங்கே கொல்லையில் கண்டதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் புல்லட் செய்யும் என்ஃபீல்ட் தொழிற்சாலை 1950களில் தொடங்கியது. கொஞ்சம் வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். இப்படிப்பட்ட பெரிய ஆலைகளைச் சுற்றி, போல்ட், நட்டு, பின், ஸ்பிரிங் என்று உதிரிச் சாமான் செய்யும் பட்டறைகள் வளர்ந்தன. அந்தச் சாமான்களுக்குக் கடைசி வேலை பார்க்கிற இடம்தான் எங்களுடையது. 'பிளாக்கோடைசிங்' என்போம்.

வேலை இதுதான். இரும்பில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் துருவையும் முதலில் எடுக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடாவும் நைட்ரேட், நைட்ரைட் உப்புகளும் கரைத்த தொட்டியில் இறக்க வேண்டும். தொட்டி ஏறக்குறைய 140 டிகிரியில் கொதிக்கும். கொதிநிலை இறங்கினால் உப்புப் போடுவோம், ஏறினால் தண்ணீர் விடுவோம். தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றினால் தொட்டி எரிமலை மாதிரி சீறும். சூடு மிஞ்சினால் கருப்புக்குப் பதில் செம்மண் நிறத்தில் மாவு படியும். எல்லாம் சரியாக இருந்தால் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் இரும்பு நல்ல கருப்பாகிவிடும்.

அந்தக் கருப்பு மேலே தடவிய சாயம் கிடையாது. இரும்பின் மேல்தோலே மேக்னடைட் என்கிற கருப்பு ஆக்சைடாக மாறியது. சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாதுவும் இதே மேக்னடைட்தான். சிவப்புத் துரு செதில் செதிலாக உதிரும், இது உதிராமல் ஒட்டி நிற்கும். ஆனால் இதன் தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். நம் தலைமுடி 70 மைக்ரான் இருக்கும் என்றால் எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய.

அதனால் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவியதும் சாமானை எண்ணெயில் முக்குவோம். அந்தத் துளைகள் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். எங்கள் மேஸ்திரி புதுப் பையன்களிடம் சொல்வார்: "டேய், கருப்பு ஒரு பஞ்சு. பஞ்சு காப்பாத்தாது, அது புடிச்சி வெச்சிருக்கிற எண்ணெய்தான் காப்பாத்தும்." எண்ணெயில் முக்காமல் சனிக்கிழமை ஜன்னலோரம் விட்ட போல்ட், திங்கள்கிழமை வந்து பார்த்தால் சிவந்திருக்கும். கடல் இரண்டு தெரு தள்ளித்தான். பக்கத்திலேயே எண்ணெயில் முக்கிய போல்ட் வாரக்கணக்கில் கருப்பாகவே கிடக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் ஊறியவைதான்.

பெரிய ஆலைகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. மூடிய பெட்டிக்குள் 5 சதவீத உப்புத் தண்ணீரை 35 டிகிரி சூட்டில் பனி மாதிரி தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை மணி நேரத்தில் துரு வருகிறது என்பதுதான் கணக்கு. வெறும் கருப்பு அதில் சில மணி நேரம்கூடத் தாங்காது. எண்ணெயோடு இருந்தால் நின்று பேசும். எண்ணூர், காசிமேடு, பழவேற்காடு ஆட்களுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. வீட்டு வாசலே அந்தப் பெட்டிதான்.

மல்டி டூலுக்கு வருவோம். டிம் லெதர்மேன் என்கிற அமெரிக்கர் 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். காரைச் சரிபார்க்கவும், குழாயைத் திருகவும் கையில் குறடு இல்லையே என்று அலைந்ததில் பிறந்த யோசனை இது. 1983இல் அவருடைய நிறுவனம் தொடங்கியது. இன்றைக்கும் தன் கருவிகளுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறது. ஆனால் நிறப்பூச்சு அந்த உத்தரவாதத்தில் சேராது. 25 வருடம் பொறுப்பேற்கிறவரே கருப்புக்குப் பொறுப்பேற்கவில்லை என்றால், பெயர் தெரியாத கம்பெனியின் கருப்பை நம்பி நாம் கூடுதல் பணம் கொடுப்பதில் என்ன நியாயம்?

கடையில் 'கருப்பு' என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே நான்கு வகை இருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன ஆக்சைடு. இரண்டு, பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங். இது 60 மைக்ரானுக்கு மேலும் தடிமனாக இருக்கும், பிடியில் மட்டும்தான் அடிப்பார்கள். அடிபட்ட இடத்தில் பெயர்ந்தால் ஈரம் அடியில் புகுந்து, மேலே கருப்பும் கீழே துருவுமாக ஓடும். மூன்று, வெற்றிட அறைக்குள் ஏற்றும் கடினப் பூச்சு. சில மைக்ரான்தான், ஆனால் லேசில் தேயாது. விலை அதிகம். அதிலும் ஊசிமுனைத் துளைகள் உண்டு. நான்கு, பச்சைத் தண்ணீர் சூட்டிலேயே தடவும் கருப்பு மருந்து. செம்பும் செலீனியமும் கலந்தது. மலிவுக் கருவிகளில் இதைப் பார்க்கலாம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே கருப்பு கையோடு வரும்.

எந்த வகையானாலும் கருப்பு முதலில் போகிற இடங்கள் ஒன்றேதான்: குறட்டின் பல், கத்தியின் கூர், மடக்கும் மூட்டு. சாணை பிடித்த முதல் நாளே கூரில் கருப்பு இருக்காது. அது போவது கருவிக்குக் கேடில்லை. பார்க்க வேண்டியது மூட்டைத்தான். இரண்டு தகடுகள் உரசும் அந்த இடுக்கில் உப்பும் ஈரமும் தங்கும், வெளியே தெரியாது. வெளியே கருகருவென்று புதிது மாதிரி இருக்கும், உள்ளே மூட்டு இறுகியிருக்கும்.

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் என் மாமன் மகன் இடுப்பில் ஒரு பழைய மடக்குக் கத்தி வைத்திருக்கிறான். நிறமே இல்லை, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. புதுசு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மச்சான். வலை இறங்கும்போது கயிறு கால்ல சுத்திக்கிச்சின்னா, ஒரு தட்டுல தொறக்கணும். இது தொறக்கும்," என்றான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகுதான் சாப்பிடவே உட்காருவான்.

அவன் சொன்னது கடலுக்கு மட்டும் பொருந்துவதல்ல. போன ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்துக் கொல்லையில் ஒரு கன்று, கயிற்றைச் சுற்றிச் சுற்றி முளைக்குச்சியோடு கழுத்து இறுகிக் கிடந்தது. அந்த வீட்டுப் பையன் பையிலிருந்து கருப்பு மல்டி டூலை எடுத்தான். கத்தி வரவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அவன் அத்தை அடுப்படியிலிருந்து அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கயிற்றை அறுத்தார். கன்று பிழைத்தது. அந்தக் கருவியை நான் வாங்கிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. மூட்டில் பொட்டாஷ் உரத் தூள் ஈரத்தோடு கட்டியாக இருந்தது.

நம் கொல்லையில் கடற்காற்று இல்லையே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடுதான். கடல் உப்பில் இரும்பைத் தின்பதும் அதே குளோரைடுதான். உர மூட்டையைப் பிரித்த கத்தியை அப்படியே மடக்கிப் பையில் போட்டால், கோயம்புத்தூரில் இருந்தாலும் அது எண்ணூரில் இருந்த மாதிரிதான்.

போர்டோ கலவை தயாரிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கினால் செம்பு நிறம் படிந்தால், இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். இதற்குக் கருப்புக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். செம்பு படிவதைக் கருப்பு மறைத்துவிடும், பயிர் கருகும். அதே மயில்துத்தம் இன்னொன்றுக்கு உதவும். சாதா இரும்பில் ஏற்றிய கருப்பை எண்ணெய் போகச் சோப்பால் கழுவி, மயில்துத்தக் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். சில நொடியிலேயே செம்புப் புள்ளிகள் வந்தால் கருப்பு ஓட்டையாக இருக்கிறது. பார்த்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும். எவர்சில்வர் வகை எஃகில் இந்தச் சோதனை பலிக்காது.

புளிப்பு எதுவும் ஆக்சைடு கருப்பைக் கரைக்கும். எலுமிச்சை, புளி, வினிகர் போட்டுத் தேய்த்தால் துருவோடு கருப்பும் போய்விடும். எலுமிச்சையோ மாங்காயோ வெட்டினாலும், மாம்பால் பட்டாலும் உடனே கழுவுங்கள். ஆயுத பூஜைக்குக் குழைத்து வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து எண்ணெய் போடுங்கள். அடுத்த பூஜை வரை அப்படியே விட வேண்டாம்.

எண்ணெய் போடுவதிலும் முறை உண்டு. உப்பின் மேல் எண்ணெய் விட்டால் உப்பைப் பூட்டி வைத்தது போலாகும். முதலில் நல்ல தண்ணீரில் திறந்து மூடி அலசுங்கள். வெயிலில் நன்றாகக் காயட்டும். பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெயில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கடைசியில் மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் நாளானால் பிசினாகும், வேண்டாம். ஒட்டுக் கட்டும் கத்தியாக இருந்தால் கூரில் உள்ள எண்ணெயைத் துடைத்த பிறகே செடியில் வையுங்கள். ஈரத் தோலுறையில் போட்டு ஆணியில் மாட்டி வைக்காதீர்கள்.

வாங்கும்போது கடைக்காரரிடம் "கருப்பு என்ன கருப்பு, உள்ளே என்ன எஃகு?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வெள்ளையையே வாங்குங்கள். வெள்ளையில் துரு வந்தால் அன்றைக்கே கண்ணில் படும். ஏற்கெனவே கருப்பு வாங்கியிருந்தால் கவலைப்படவும் வேண்டாம், நிறம் வெளுக்கிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்கும் போக வேண்டாம். வாரம் ஒரு நாள், மாட்டுக்குத் தவிடு வைக்கும் நேரத்தில், ஒவ்வொரு மடிப்பையும் ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். எது இறுகுகிறதோ, அதற்கு அன்றைக்கே எண்ணெய் விடுங்கள்.