திரைக்குச் செல்லும் குரலும் ஓர் அமானிதமே



2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தொலைக்காட்சி விவாதங்கள் நம் வீடுகளுக்குள் வந்தன. சென்னை நிலையங்களுக்குச் சென்று பேசியவர்கள் தத்தம் ஊரிலிருந்தே கைப்பேசி வழியாகப் பேசினர். திண்டுக்கல் பேகம்பூரில் வாழும் ஓர் ஆலிமோ ஆசிரியரோ இன்று அவ்வாறு அழைக்கப்படக்கூடும். சமுதாயத்தின் சார்பில் பேசுவது அமானிதம். எனவே, அந்தக் குரல் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

நிலையத்திலிருந்து நம் காதுக்கு வரும் ஒலியில் நெறியாளரும் ஏனைய விருந்தினரும் இருப்பர். நம் குரல் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். இதனை 'மிக்ஸ் மைனஸ்' என்பர். நீக்காவிடில், நாம் சொன்ன சொல்லே சற்றுத் தாமதித்து நம் காதில் விழும், நாவு தடுமாறும். வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியை முற்றிலும் நிறுத்தி, இயர்போன் அணியச் சொல்வதும் இதற்காகவே.

அடுத்தது தாமதம். சுமார் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும். இணையவழியிலும் தாமதம் உண்டு. கேள்வி முடியுமுன் பதில் தொடங்கினால் இரு குரல்களும் மோதி, எதுவும் விளங்காமல் போகும்.

காத்திருந்து கேட்பது நமக்குப் புதிதன்று. பெருநாள் தொழுகையில் இமாமின் தக்பீரைப் பின்வரிசைகளுக்கு முகப்பிர் எடுத்துரைக்கிறார். அது காதில் விழும்வரை எவரும் முந்துவதில்லை.

நம் குரலைக் கூட்டுவதும் குறைப்பதும் நிலையத்து ஒலிப்பதிவாளரின் கையில் உள்ளது. அங்கே குறைத்துவிட்டால் இங்கே கத்திப் பயனில்லை. பார்ப்போருக்குச் சினந்த முகம் மட்டுமே தெரியும். லுக்மான் (அலை) தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்துமாறு செய்த உபதேசம் (31:19) இங்கேயும் பொருந்துகிறது. நிதானமான குரலில், முதல் வாக்கியத்திலேயே கருத்தைச் சொல்லிவிடுபவர் பேச்சு இடையில் வெட்டப்பட்டாலும், சொல்ல வந்தது சென்று சேர்ந்துவிடும்.

பார்ப்போராகிய நமக்கும் பொறுப்புண்டு. திரையில் ஒருவர் உதடசைத்தும் குரல் வராதிருந்தால், அவரிடம் பதிலில்லை என்று முடிவு செய்யலாகாது. அந்தத் துண்டுக் காணொளியை வாட்ஸ்அப்பில் பரப்புமுன், செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை (49:6) நினைவுகூர வேண்டும்.

இறுதியாக, அழைப்பு துண்டிக்கப்படும்வரை மைக் திறந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். நேரலைக்கு முன்னும் பின்னும் அருகிலிருப்போரிடம் முணுமுணுப்பதும் நிலையத்தில் கேட்கும். ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்யும் கண்காணிப்பாளர் நம்முடன் இருக்கிறார் என்று காஃப் அத்தியாயம் (50:18) அறிவிக்கிறது. இதை நம்புவோருக்கு மைக் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பேச்சு ஒன்றே.

நம் நாவையும் செவியையும் நன்மைக்கே பயன்படுத்த வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.