நாக்கு ஒட்டிக்கொண்டது… காரணம் மஞ்சள் பைக்குள் இருந்தது!

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தலைமாட்டுச் சொம்பிலிருந்து இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தால்தான் பிரியும். கும்பகோணம் பக்கத்தில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு 64 வயது. வகுப்பறையில் 30 வருடங்கள் ஓயாமல் பேசியவர். இப்போது பேரனுக்கு ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் நாலு முறை தண்ணீர் தேவைப்பட்டது.

எல்லோரும் நினைப்பதைத்தான் அவரும் முதலில் நினைத்தார். சர்க்கரை வந்துவிட்டது! பரிசோதித்தால், இல்லை. "வயசானா அப்படித்தான்" என்றார்கள் பக்கத்து வீட்டில். (அறுபதைத் தாண்டிவிட்டால் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பதில்தான்.) கடைசியில் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். எலுமிச்சை மிட்டாய். கன்னத்தில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறும். தூங்கும்போதும் ஒன்று.

ஒரு வருடத்தில், ஈறை ஒட்டிய பகுதியில் ஐந்து பற்கள் சொத்தை.

எச்சிலை யாரும் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. உணவை நனைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கிறது, பல் இழந்த கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறது, வாயில் பூஞ்சை பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. அது வற்றிப்போன வாயில் இனிப்பும் புளிப்புமான மிட்டாய் ராத்திரி முழுக்க ஊறினால் பல் என்ன ஆகும்?

பல் மருத்துவர் வாயைப் பார்த்த கையோடு, "கண்ணும் உறுத்துதாம்மா?" என்று கேட்டார். கண்ணும் வாயும் சேர்ந்து உலர்ந்தால் ஷோக்ரன் என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இவருக்குக் கண்ணில் தொந்தரவு இல்லை. "சரி, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

மருமகள் வீட்டுக்குப் போய் மஞ்சள் பையை எடுத்து வந்தார். அக்கி வந்துபோன பிறகும் தங்கிவிட்ட நரம்பு வலிக்கு, இரவில் அமிட்ரிப்டிலின். தும்மலுக்கு செட்ரிசின். இரண்டுமே வாயை உலர்த்தக்கூடியவை. எழுதியவர்கள் வெவ்வேறு மருத்துவர்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தும்மல் நின்று பல மாதங்கள் ஆகியும், பழக்கத்தில் செட்ரிசினை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார் ஆசிரியை.

அன்று இரவே யாரிடமும் சொல்லாமல் வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள், விலாவில் நெருப்பை வைத்த மாதிரி வலி. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?" என்று மருமகள் அழுதேவிட்டார். மாத்திரை எழுதிய மருத்துவரிடம் முதலிலேயே போயிருந்தால் அந்த மூன்று ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும். பிறகுதான் போனார்கள். செட்ரிசின் நின்றது. வலி மாத்திரையின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

மிட்டாய் டப்பா இருந்த இடத்தில் இப்போது சர்க்கரை இல்லாத சூயிங்கம். ஃப்ளோரைடு பேஸ்ட், படுக்கும் முன் வாய்க்குள் தடவிக்கொள்ள செயற்கை எச்சில் ஜெல். சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் வாயில் கொஞ்சம் வைத்திருந்து விழுங்குகிறார். இரண்டாவது காபியை விட்டதில்தான் அவருக்கு வருத்தம்.

முழுதாகச் சரியாகவில்லை. அடையை இன்னும் சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். ஆனால், கதைக்கு நடுவில் ஒரே ஒரு முறைதான் சொம்பை எடுக்கிறார். அதற்குள் பேரன், "அப்புறம் பாட்டி?" என்று அவசரப்படுத்துகிறான்.