சாய்ந்த வளையம்

தமிழ் கற்பிப்பவனுக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் எம்மைக் கேட்பதுண்டு. உறவு எதுவும் இருக்கவில்லை. எமது பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரிடத்துக்கு எவரும் வரவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஆசிரியர் கூட்டமொன்று கலையும் வேளையில், "தம்பி, நீங்கள்தான் இளம் ஆள்; பொடியன்களை ஒருக்காப் பாருங்கோ" என்று அதிபர் சொல்ல, விசிலும் அலுமாரிச் சாவியும் எமது கைக்கு வந்து சேர்ந்தன. அலுமாரியிலே மூன்று பந்துகள் கிடந்தன. ஒன்றில் மாத்திரமே காற்று நின்றது. தொல்காப்பியத்தோடும் நன்னூலோடும் மல்லாடிப் பட்டம் பெற்ற எமக்கு, பந்தைத் தரையில் தட்டாமல் எத்தனை அடி எடுத்து வைக்கலாம் என்பதுகூட அன்று தெரியாது. அந்த ஓராண்டுப் பருவத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். வெற்றிக் கதை வேண்டுவோர் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்: ஐந்து ஆட்டங்கள் ஆடினோம், இரண்டில் வென்றோம்.

எமது ஆடுகளம் சீமெந்துத் தரை. நடுவே நீளமாய் ஒரு வெடிப்பு. மாலையானால் திருகோணமலைக்கே உரிய புள்ளிமான்கள் நகரத் தெருக்களைச் சுற்றிவிட்டு அங்கே வந்து நிற்கும். அவற்றைக் கலைத்த பின்னரே பயிற்சி தொடங்கும். துறைமுகத்து உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. ஒரு பக்கத்துக் கம்பம் துருவேறி, முன்னைய ஆண்டொன்றிலேயே விழுந்துவிட்டது. எஞ்சிய கம்பத்தின் வளையம் இடப்புறமாக இரண்டு அங்குலம் சாய்ந்திருந்தது. அதைத் திருத்தித் தருமாறு மூன்று கடிதங்கள் எழுதினோம். தமிழாசிரியன் எழுதிய கடிதங்களாகையால் அவற்றிலே பிழை இருந்திருக்காது. பதில்தான் வரவில்லை.

பையன்களோ அந்தச் சாய்வுக்கே தம்மைப் பழக்கிக்கொண்டார்கள். வலப்புறம் சற்று உயர்த்தி எறிந்தால் பந்து வளையத்தின் மேற்புற விளிம்பிலே தட்டி உள்ளே சரியும் என்று கண்டுகொண்டார்கள். பதினைந்தடித் தூரத்திலிருந்து எறியும் தண்ட எறிகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய இருவர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் கிண்ணியாவிலிருந்து வருபவன். அவனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

விசிலை ஏற்றுக்கொண்டவன் விளையாட்டின் வரலாற்றையாவது படிக்க வேண்டாமா? படித்தோம். 1891 டிசம்பரிலே, அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்திற் கட்டடத்துக்குள்ளே அடைபட்டுக் கிடந்த பதினெட்டு மாணவர்களை அடக்க வழி தெரியாது, இரண்டு பீச்சுப்பழக் கூடைகளை மேல்மாடக் கைப்பிடியில் அடித்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். அக்கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது; ஆகையால் இன்றுவரை உலகமெங்கும் வளையம் பத்தடி உயரத்திலேயே நிற்கின்றது. பெருநிலம் வேண்டாத விளையாட்டு. கிறிக்கெற்றைப் போன்று வெண்ணுடையும் மட்டையும் கேட்பதில்லை. எளியவர் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எமக்குத் தோன்றியது. சப்பாத்தின் விலையைக் கேட்டறியும்வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

இவ்விளையாட்டு எமது கரையிலே வேரூன்றிய கதையில் ஒரு மனிதரின் பெயர் வந்துகொண்டே இருக்கும். அருட்தந்தை யூஜின் ஹெபர்ட், 1923இல் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர், யேசுசபைத் துறவி, 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர் அவர். மட்டக்களப்பு என்றதும் கூடைப்பந்து நினைவுக்கு வருவதற்கு அவரும் அவரைப் போன்ற அமெரிக்கத் துறவிகளுமே காரணம். பிற்காலத்திலே இளைஞருக்குத் தொழில் கற்பிக்கும் நிறுவகமொன்றை மட்டக்களப்பில் நடத்தினார்.

மிஷன் பாடசாலைகளைப் பற்றி எமக்கு மயக்கம் இல்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கியது சரியே என்பது எமது துணிபு. மதம் மாறினாற்றான் நல்ல கல்வி என்னும் நிலை ஒழிய வேண்டியதே. கன்னங்கராவின் இலவசக் கல்வி இல்லாவிடில் எம்போன்றோர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டிருக்கவும் மாட்டோம். ஆனால் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற அரசு, கூடைக் கம்பங்களையும் சேர்த்தே பொறுப்பேற்றதென்பதை எவரும் அதற்கு நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

இனிப் பருவத்துக்கு வருவோம். 2022ஐ மறந்தவர் இந்நாட்டில் இரார். எரிவாயு இல்லை; பெற்றோல் இல்லை; பால்மா இல்லை. திருகோணமலையின் நிலைமையோ நகைப்புக்கிடமானது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே தமது கடற்படைக்கென வெள்ளையர் சீனக்குடாவிலே கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99, இன்றும் காட்டுக்குள்ளே நிற்கின்றன; ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்ததும், 2022 ஜனவரியிலே அத்தாங்கிகளைப் பங்கிட்டு இந்தியாவுடன் ஒப்பந்தமானதும் இந்தத் துறைமுகத்தின் பொருட்டே. அத்தாங்கிகளின் நிழலிலேதான் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக எமது மாணவரின் தாய்மார் இரவு முழுதும் வரிசையில் நின்றார்கள்.

மே 9ஆம் நாள் பிரதமர் பதவி துறந்தார். மறுநாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலே தஞ்சம் புகுந்தார். நாடெங்கும் ஊரடங்கு. பயிற்சி நின்றது. ஊரடங்கு தளர்ந்து மீண்டும் கூடிய மாலையில் அணித்தலைவன் முகத்திலே சிரிப்பின்றிச் சொன்னான்: "அவருக்கும் பெற்றோல் முடிஞ்சுதாம் சேர், அதான் இங்க நிக்கிறார்."

கிண்ணியாப் பையனின் தகப்பனார் மீனவர். சிறு தோணிகளில் பூட்டும் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. மண்ணெண்ணெய் அற்றபோது அவர் துடுப்பு வலித்துத் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். துடுப்பு வலிப்பதற்கு இன்னொரு கை வேண்டும். "சேர், நாளைக்கு வரமாட்டன், வாப்பாவோட போகோணும்" என்று அவன் சொல்லும் நாட்கள் கூடின. ஆகஸ்ட் 22ஆம் நாள் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இப்போது எண்ணெய் இருந்தது. வாங்கப் பணம் இல்லை. அவன் துடுப்பை விட்டபாடில்லை. ஆயினும் வாரத்தில் இரண்டு நாளேனும், போக வர முப்பது கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் மிதித்து, உள்ளங்கையிலே கொப்புளங்களோடு பயிற்சிக்கு வந்து நிற்பான். துடுப்பு வலித்த தோள் எறிக்கு நல்லதென்று எங்கோ வாசித்ததாக அவனிடம் சொன்னோம். வாசித்திருக்கவில்லை.

ஒக்டோபரில் மட்டக்களப்பிலே ஒரு பாடசாலை எம்மைச் சிநேகபூர்வ ஆட்டத்துக்கு அழைத்தது. தனி வாகனத்துக்கு எண்ணெயுமில்லை, பணமுமில்லை. விடியுமுன் அரசாங்க பஸ்ஸில் ஏறினோம். பத்துப் பையன்கள், அவர்களுள் மூவர் முஸ்லிம்கள். கரையோரப் பாதை, கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை. ஓடத்துக்குக் காத்துக் கிடந்து கடந்த கிண்ணியாத் துறையிலே 2009 முதல் நீண்டதொரு பாலம் நிற்கின்றது. கிண்ணியா மூவரும் பாலத்துக்கு அப்பால் ஏறிக்கொண்டார்கள்.

ஹெபர்ட் அடிகளாரைப் பற்றிப் பயிற்சி நேரங்களிற் பையன்களுக்குச் சொல்லியிருந்தோம். நம் ஊரிலே இவ்விளையாட்டைப் பயிற்றியவர் என்றமட்டில். அவருடைய முடிவைச் சொல்லவில்லை. ஓட்டமாவடி கழிந்து வாழைச்சேனை வந்தபோது, ஊர்ப் பெயர்ப் பலகையைக் கண்ட தலைவன் திரும்பினான். எங்கேயோ கேட்டிருக்கிறான்.

"சேர், அந்த பாதரை இங்க வெச்சா கொண்டுபோனவங்க?"

"ஆர் கொண்டுபோனது?" என்றான் கிண்ணியாப் பையன்.

எமக்கு உடனே வாய் எழவில்லை. நாம் பள்ளியில் இருந்த காலத்தில் எமக்குக் கூறப்பட்டது பாதிக் கதை. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பாதியும் முஸ்லிம் பிள்ளைக்கு மற்றப் பாதியும் அவரவர் வீட்டிலே பரிமாறப்படுகின்றன. இரண்டு பாதியும் ஒரே இலையில் வைக்கப்படுவதில்லை. அந்தப் பஸ்ஸிலோ இருவகைப் பிள்ளைகளும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்திருந்தார்கள். பேசாதிருந்தால் தலைவன் தன் பாதியோடும் மற்றவன் தன் பாதியோடும் களத்தில் இறங்குவார்கள் என்று அஞ்சினோம். பேசினாலும் அஞ்சவே வேண்டியிருந்தது.

பேசினோம். நாள் முறையாகவே சொன்னோம். 1990 ஆகஸ்ட் 3: காத்தான்குடியிலே, பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 11 இரவும் மறுநாள் விடியலும்: ஏறாவூரிலே, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாகத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவற் படையினரும் ஆயுதப் படையினரும் அதிற் சம்பந்தப்பட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 15: அறுபத்தாறு வயது ஹெபர்ட் அடிகளார், ஒரு தமிழ் இளைஞனோடு, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரிலே புறப்பட்டார். இருவரும் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை. செப்ரெம்பர் 5: அகதிமுகாமாகியிருந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இராணுவம் 158 தமிழரைக் கொண்டுசென்றது, அவர்கள் திரும்பவில்லை. செப்ரெம்பர் 9: சத்துருக்கொண்டானிலே நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தமிழர் படையினராற் கொல்லப்பட்டார்கள். சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவ்வூர்களிற் சில ஒவ்வொன்றாய் யன்னலுக்கு வெளியே வந்து போயின. பஸ் எல்லா இடத்திலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு சென்றது.

ஏறாவூர்ச் சந்தியிலே கிண்ணியாப் பையன் மெல்லச் சொன்னான்: "எங்கட உம்மம்மா இந்த ஊர், சேர். அந்த ராவு அவட ரெண்டு தம்பிமார் மவுத்து. இண்டைக்கும் ராவில விளக்கை நூர்க்க விடமாட்டா."

தலைவன் அவனைப் பார்த்தான். பிறகு எம்மைப் பார்த்தான். "இதெல்லாம் ஏன் சேர் எங்கட சரித்திரப் புத்தகத்தில இல்ல?"

நாம் தமிழ் கற்பிப்பவர் என்று கூறித் தப்பித்துக்கொண்டோம். அந்தப் பதிலை எண்ணி இன்றும் வெட்குகின்றோம்.

ஆட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்குள்ள களம் பார்க்கவே கண்ணுக்கு இதமானது. இருபுறமும் கம்பம், வெள்ளை வலை, நேரான வளையம். அந்த நேரான வளையமே எம்மைத் தோற்கடித்தது. எமது பையன்கள் ஓடினார்கள், மறித்தார்கள், பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். எறிந்தபோதோ பந்து வலப்புற விளிம்பிலே பட்டு வெளியே தெறித்தது. பதினான்கு தண்ட எறிகளிற் பதினொன்று தவறின. இடைவேளையில், "வளையத்தைப் பாராதே, பலகையைப் பார்" என்று நாம் கத்தியதாற் பயன் விளையவில்லை. ஓராண்டாய்க் கை கற்றுக்கொண்டதைப் பத்து நிமிடத்திலே மறக்கச் சொல்ல முடியுமா? 41க்கு 45. நான்கு புள்ளிகள். தண்ட எறிகளிற் பாதிக்கு மேல் விழுந்திருந்தால் வென்றிருப்போம். எதிரணிப் பயிற்றுநர் எம்மைத் தட்டிக்கொடுத்து, "நல்ல பொடியன்கள்; ஆனா எல்லாரும் ஒரே மாதிரிப் பிழை விடுறாங்கள், ஏன்?" என்று வியந்தார். காரணத்தைச் சொல்ல நாணமாயிருந்தது.

திரும்பும் பயணத்திலே பையன்கள் உறங்கிவிட்டார்கள். தலைவனின் தலை கிண்ணியாப் பையனின் தோளிற் சாய்ந்து கிடந்தது. இதற்குப் பெரும்பொருள் காண நாம் விரும்பவில்லை. களைத்த பையன்கள் எவர் தோளிலும் சாய்வார்கள்.

அடுத்த வாரம் பாடசாலைக்கு ஒரு முறைப்பாடு வந்தது. விளையாடக் கூட்டிச் சென்ற ஆசிரியர் பிள்ளைகளுக்கு அரசியல் போதித்தார் என்று ஒரு பெற்றோர் எழுதியிருந்தார்; மற்றொருவர், பழைய புண்ணைக் கிளறினார் என்று எழுதியிருந்தார். ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இவ்விடயத்திலே ஒற்றுமை நிலவியது. மேலிடம் விளக்கம் கோரியது. நாள், இடம், தொகை யாவற்றையும் குறிப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம். அதற்கும் பதில் வரவில்லை. மாறாக, இரண்டு மாதத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் வந்தது நன்றே. விசிலையும் சாவியையும் மகிழ்வோடு கையளித்தோம். மகிழ்வோடு என்பது முழுவதும் உண்மையன்று.

தலைவன் இப்போது பல்கலைக்கழகத்திலே வரலாறு படிக்கின்றான். கிண்ணியாப் பையன் உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கட்டாருக்குப் போனான். தகப்பனின் தோணிக்கடன் இருந்தது. சென்ற மாதம் அவனிடமிருந்து குரற்செய்தியொன்று வந்தது. வேலை முடிந்து இரவில், கம்பெனித் தங்குமிடத்துக்கு அருகே, மின்விளக்கு எரியும் களமொன்றிலே பிலிப்பைன்ஸ்காரரோடு விளையாடுகிறானாம். பின்னணியிலே பந்து தட்டும் ஓசை கேட்டது.

"சேர், இங்க வளையம் நேரா இருக்கு. நான் போடுறதெல்லாம் இன்னும் வலப்பக்கம்தான் போகுது."