அறைக்குள் பதினேழு நாட்கள்

கொரோனா வந்துபோன எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் பீரோவை ஒழித்தபோது அந்த நாற்பது பக்க நோட்டு கையில் கிடைத்தது. வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டியவனுக்குக் கட்டம் போடாமல் எதையும் எழுத வராது. தேதி, மணி, காய்ச்சல், ஆக்சிஜன், நாடி என்று ஐந்து கட்டங்கள்.

முதல் வரி 2021 மே 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணி, காய்ச்சல் 100.4. மறுநாள் தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. மார்ச் கடைசியில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டிருந்தேன். இரண்டாவதுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டிவிட்டார்கள். அதற்குள் விருந்தாளி வந்துவிட்டார்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போய், இரண்டு நாள் கழித்து பாசிட்டிவ் என்று ஃபோனில் செய்தி வந்தது. நங்கநல்லூரில் எங்களுடையது இரண்டு படுக்கையறை உள்ள சின்ன ஃபிளாட். பாத்ரூம் உள்ள அறை எனக்கு, மற்றதெல்லாம் அவளுக்கு. வாசலில் ஒரு ஸ்டூல். அதில் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள், அவள் நகர்ந்த பிறகு நான் எடுப்பேன். கல்யாணமான 38 வருடத்தில் நாங்கள் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை!

எங்கள் குடும்ப டாக்டருக்கே எழுபது வயது. ஃபோனில்தான் வைத்தியம். "முதல் வாரம் காய்ச்சல் ஆடும், அதுக்கு பயப்படாதீங்க சார். ரெண்டாவது வாரம் தொடங்கும்போதுதான் நுரையீரல் பக்கம் வரும். அப்ப ஜாக்கிரதையா இருங்க" என்றார். பாராசிட்டமால் தவிர அதிகம் எழுதவில்லை. ஐந்தாம் நாளே ஸ்டீராய்டு தொடங்கலாமா என்று பெங்களூரிலிருந்து மகள் கேட்டாள். கூடவே கூடாது என்றுவிட்டார். ஆக்சிஜன் குறைந்தவர்களுக்குத்தான் அது உயிர் காக்கும், மற்றவர்களுக்குப் பயனில்லை, கெடுதல்கூட வரலாம் என்று விளக்கினார். இங்கிலாந்தில் முந்தைய வருடமே ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துக் கண்டறிந்த விஷயம் அது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியங்களோ தனி ரகம். கற்பூரம், ஓமம், கிராம்பை மூட்டை கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று எனக்கு மட்டும் ஒன்பது பேர் அனுப்பினார்கள்.

டாக்டர் சொல்லிக்கொடுத்த ஒரு பரிசோதனையைத் தினமும் செய்தேன். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி அளவைப் பார்த்துவிட்டு, அறைக்குள்ளேயே 6 நிமிடம் நடந்து, திரும்பப் பார்க்க வேண்டும். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் உடனே அவரைக் கூப்பிட வேண்டும். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பத்தடி. அதில்தான் நடை.

எட்டாம் நாள், மே 16. மாலையில் 95. இரவு 9 மணிக்கு நடந்து முடித்ததும் 92. விரலை மாற்றிப் பார்த்தேன், அதே 92. கை சில்லிட்டிருந்தாலும் தவறாகக் காட்டும் என்று தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தேன். 91. ஆனால் மூச்சுத் திணறலே இல்லை, அதுதான் இந்த வியாதியின் சூது. மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால் வருகிறது. அது ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருக்கும் வரை, ஆக்சிஜன் இறங்குவது மூளைக்கு உறைப்பதில்லை.

மகள் அங்கிருந்தே படுக்கை தேடத் தொடங்கினாள். 104-க்கு அடித்தாள், தெரிந்தவர்கள் எல்லோரையும் எழுப்பினாள். ஒரு தனியார் மருத்துவமனையில், வெளியே ஆம்புலன்சில் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், வந்தால் ஏழாவது என்றார்களாம். டாக்டர் ஃபோனை வைக்கவே இல்லை. "குப்புறப் படுங்க. மார்புக்கு ஒரு தலையணை, காலுக்கு ரெண்டு. 90-க்குக் கீழ போனா படுக்கை இருக்கோ இல்லையோ கிளம்பிடணும்." முதுகுப் பக்க நுரையீரல் விரிந்துகொடுக்கும் என்பதுதான் கணக்கு. அரைமணிக்கு ஒருமுறை எழுதியிருக்கிறேன்: 92, 92, 93, 92, 93. கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அவள் எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். விடிகாலை 4 மணிக்கு 94. டாக்டர் ஆறு மணிக்கு எழுந்து, எந்த மருந்து எத்தனை நாள் என்று எழுதி அனுப்பினார். எனக்கு இப்படி நடந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் 91-ஐ வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள்.

அதற்குப் பிறகு இறங்கவில்லை. மே 21-இல் தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்தபோது நான் கஞ்சியிலிருந்து குழைந்த சாதத்துக்கு வந்திருந்தேன். 26-ஆம் தேதி அறையைவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம்தான் அவள் சொன்னாள். காலை நடைக்கு நாங்கள் ஐந்து பேர். அதில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே வாரத்தில்தான் காய்ச்சல். நான் குப்புறப் படுத்து எண் சொல்லிக்கொண்டிருந்த அதே இரவு, அவரை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு இரவு பதினொன்றரைக்கே ஃபோன் வந்துவிட்டதாம். அதன் பிறகும் விடியும்வரை குரல் மாறாமல், "இப்ப எவ்வளவுங்க?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள், ரெஸ்ட் எடுங்கள் என்று என் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் மூன்று வேளையும் ஸ்டூலில் தட்டு வந்தது, ரசத்தில் உப்புகூடக் கூடிக் குறையவில்லை.

உப்பு தெரிந்ததே தவிர, வாசனை சுத்தமாக இல்லை. மூக்கில் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்களைத்தான் கிருமி தாக்குகிறதாம். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார்கள். நான் பெருங்காயத்தையும் காபித்தூளையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலையில் ஊரடங்கு தளர்ந்த பிறகு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். ஹாலில் படம், மாலை. அதற்குக் கீழே அவருடைய நடைக் கம்பு. பத்துப் பேருக்குமேல் யாரும் வரவில்லை, தோளில் தூக்கக்கூட விடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். காபி கொடுத்தார். "சர்க்கரை சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். எனக்கு அது வெறும் சூடான இனிப்புத் தண்ணீர்தான்.

மாடிப்படி ஏறினால் முட்டி நடுங்குவது ஆகஸ்ட் வரை இருந்தது. செப்டம்பரில் இரண்டாவது ஊசி. வாசனை திரும்பியது தீபாவளிக்கு முந்தைய வாரம்; அதுவும் முதலில் வந்தது காபி அல்ல, அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்த பால்! சமையலறைக்குள் ஓடிப்போய், பால் தீயுதுடி என்று கத்தினேன். அவள் அடுப்பை அணைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.