எந்த ஆகாரத்தைக் கொடுப்பது?



யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய ஆண்டவர், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொன்னதாக மாற்கு எழுதியிருக்கிறார். ஆனால் எந்த ஆகாரத்தைக் கொடுப்பது என்று அறியாமல் தவிக்கும் பெற்றோரும் நம் நடுவில் உண்டு.

காரைக்குடியில் ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். அந்த வீட்டுச் சிறுவன் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பான்; வெகுநேரம் மெல்லுவான்; அடிக்கடி வாந்தி எடுப்பான். உறவினர் அதைப் பிடிவாதம் என்றனர். எண்டோஸ்கோப்பி செய்து, திசுவை எடுத்துப் பார்த்தபோதுதான் உணவுக்குழாயில் நாட்பட்ட அழற்சி இருப்பது தெரிந்தது. ஈயோசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் அங்கே திரண்டிருந்தன. தாயார் ஒவ்வாமைப் பரிசோதனைத் தாளை நீட்டி, “ஐயா, இதில் உள்ளதையெல்லாம் நிறுத்திவிட்டால் பிள்ளை எதைத்தான் உண்பான்?” என்றார்.

அந்தக் கேள்வி என்னைப் படிக்க வைத்தது. 1995-இல் அமெரிக்காவில் இத்தகைய துன்பமுடைய 10 பிள்ளைகளுக்கு, புரதத்தை அமினோ அமிலங்களாக மட்டுமே கொண்ட பால்மாவைச் சில வாரங்கள் கொடுத்தார்கள். 8 பேருக்குத் தொல்லை நீங்கியது. 2 பேருக்குக் குறைந்தது. உணவே காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று. எந்த உணவு என்பதை மட்டும் தோல் பரிசோதனையாலும் இரத்தப் பரிசோதனையாலும் நம்பிக்கையாகச் சொல்ல முடிவதில்லை. அவை உண்ட சற்று நேரத்தில் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்கும் ஒவ்வாமையைக் காட்டுபவை. இந்த அழற்சியோ வேறு வழியில், மெதுவாக வளர்வது. தாளில் குறிக்கப்பட்ட உணவு இந்த நோய்க்குக் காரணமாக இல்லாதிருக்கலாம். குறிக்கப்படாததே காரணமாக இருக்கலாம்.

ஆகவே மருத்துவர்கள் பொறுமையின் வழியைக் கையாளுகிறார்கள். பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகைகள் ஆகியவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ நிறுத்துவார்கள். பெரும்பாலும் முதலில் சந்தேகிக்கப்படுவது பால். சில வாரங்கள் கழித்து மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து, அழற்சி தணிந்திருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள். மருந்துகளும் உண்டு. மருத்துவரும் உணவு ஆலோசகரும் இல்லாமல் நாமே பலவற்றை நிறுத்தினால் பிள்ளையின் வளர்ச்சி குன்றும்.

இதில் சபைக்கும் பங்கு உண்டு. செட்டிநாட்டார் நாம், வந்தவருக்கு இலை நிறையப் பரிமாறாவிட்டால் நமக்கு மனம் ஆறாது. “ஒரு வாய்தானே” என்று ஊட்டுவதை அன்பென்றே எண்ணுகிறோம். ஆனால் கிறிஸ்துமஸ் கேக்கின் ஒரு துண்டிலேயே பால், கோதுமை, முட்டை, கொட்டை நான்கும் இருக்கக்கூடும். அந்த ஒரு துண்டு, ஒரு தாய் பல வாரங்கள் காத்த பத்தியத்தின் முடிவைக் குழப்பிவிடலாம்.

அடுத்த சபை விருந்துக்கு முன் அத்தகைய தாயிடம், “உங்கள் பிள்ளைக்கு எது ஆகும், அம்மா?” என்று கேளுங்கள். அவன் உண்ணக்கூடிய ஒன்றை எல்லோருக்குமாகச் சமையுங்கள். தனித்தட்டு ஏந்தாமல், மற்றப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அவனும் அமரட்டும்.

சமாதானத்தின் தேவன் உங்கள் இல்லங்களோடு இருப்பாராக. ஆமென்.