காசும் கேஷும்

2025 பிப்ரவரி 3, திங்கள்

‘கேஷ்’ என்கிற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து போனது. அண்ணன் மகள் பாப்பா எழுதி வைத்திருக்கும் பேச்சில் இப்படி ஒரு வரி. 21ஆம் தேதி உலகத் தாய்மொழி நாள், பள்ளியில் பேச்சுப் போட்டி. ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ என்ற தலைப்பை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் சரி. அணைக்கட்டைச் சேர்த்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. கொள்ளிடத்துக் கீழணையில் திருப்பிய தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து இந்தப் பக்கத்து நிலங்களுக்குப் பாய்கிறது. அந்தக் கீழணை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. ஆங்கிலத்தில் அதற்கு ‘லோயர் அனிகட்’ என்று பெயர். அந்தச் சொல்லை வெள்ளைக்காரர்கள் நம் ஆற்றங்கரையில் நின்றுதான் கற்றுக்கொண்டார்கள்.

கேஷ் வரிதான் நெருடுகிறது. எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வருகிறது. ஆனால் ஓசை ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. “பாத்துச் சொல்லுங்க சித்தப்பா, தப்புன்னா எடுத்துடறேன்” என்றாள். எடுக்கச் சொல்லவும் மனசில்லை, பார்க்காமல் விடவும் மனசில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து கடையில் உளுந்து விதைக்குக் கூட்டம். சம்பா அறுப்பு நெருங்குகிறது, வயலில் ஈரம் போவதற்குள் தெளித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். “கேஷா, போன்ல போடறீங்களா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பலர் இரண்டுமில்லை. நெல் பணம் ஏறியதும் தருகிறேன், நோட்டில் எழுதிக்கொள் என்றார்கள்.

மத்தியானம் கடை ஓய்ந்ததும் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைப் பிரித்தேன். லத்தீனில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியனில் ‘கஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’. அங்கிருந்து பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்து ‘கேஷ்’. வந்தபோது அதற்குப் பணம் என்று மட்டும் பொருள் இல்லை, வியாபாரி பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கும் அதுதான் பெயர். பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பணத்துக்கும் ஒரே சொல்லாகக் கொஞ்ச காலம் புழங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்டி உதிர்ந்து பணம் மட்டும் நின்றுவிட்டது. ‘கேஸ்’ என்கிற உறையும் ‘கேப்சூல்’ மாத்திரையும் அதே கப்ஸாவின் பிள்ளைகள்.

இதைப் படித்தபோது என் முன்னால் இருந்தது கல்லாப்பெட்டி. ராத்திரி கடை கட்டும்போது “கல்லா எவ்வளவு?” என்றுதான் அண்ணன் கேட்பார். கல்லா என்பது பெட்டி. கேட்பது பணத்தை. “கல்லாவ எண்ணிட்டியா?” என்றால் பெட்டியை எண்ணிவிட்டாயா என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. லண்டனில் அந்தச் சொல்லுக்கு நடந்தது கீரப்பாளையம் கடைத்தெருவில் இந்தச் சொல்லுக்கு நடந்திருக்கிறது. கல்லாவும் வந்த சொல்தான். இந்துஸ்தானியில் தானியத்துக்கும் அதே பெயர், கடைக்காரரின் பணப்பெட்டிக்கும் அதே பெயர். விதையும் நெல்லும் விற்கிற இடத்தில் அது பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

ஆக, வங்கியில், கடையில், சினிமாவில் நாம் கேட்கிற கேஷ் நம் காசு இல்லை. இது உறுதி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி அவள் முகத்தை வாட வைப்பானேன்? அகராதியில் அதே எழுத்துக் கூட்டலோடு கீழே இரண்டாவதாக இன்னொரு ‘கேஷ்’ இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

பாப்பா குறளை அலகிட்டுக்கொண்டிருந்தாள். ஈற்றுச் சீருக்கு நான்கு வாய்பாடு: நாள், மலர், காசு, பிறப்பு. “இங்கயும் காசா?” என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பள்ளிக்கூடம் போன தமிழர் எல்லோரும் காசு என்று சொல்லித்தான் வெண்பாவை முடிக்கக் கற்றிருக்கிறோம். அகராதிப்படி காசு என்றால் நாணயம் மட்டும் இல்லை. மணி, பொன், மேகலையில் கோத்த மணிவடம், குற்றம் இத்தனையும் காசு. ஆண்டாள் காலத்தில் அது கழுத்தில் கிடந்த அணி. காசுமாலையில் இன்றைக்கும் அது அணியாகவே இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வந்தேன். இங்கே எம்.ஏ. படித்த நாட்களில் ஒதுங்கி உட்கார்ந்த இடம். தேடிப்போனது ‘ஹாப்சன்-ஜாப்சன்’. இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கு ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் சேர்ந்து எழுதிய அகராதி, 1886இல் வந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழும் வடமொழியும் தெரிந்தவர். நூல் அச்சாகி வருமுன்பே 1882இல் இறந்துவிட்டார்.

அந்த இரண்டாவது கேஷுக்கு அதில் தனி இடம். கீழ்த்திசை நாடுகளில் வழங்கிய மதிப்புக் குறைந்த நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் என்று விளக்கம். தமிழ்க் காசுதான் மூலம். அதற்கும் பின்னால் போய், பொன் வெள்ளி நிறுக்கும் ‘கர்ஷ’ என்ற வடமொழிச் சொல்லோடு முடிச்சுப் போடுகிறார்கள். காசிலிருந்து கர்ஷமா, கர்ஷத்திலிருந்து காசா என்ற வழக்கு வேறு. கடல் கடந்து போனபோது அது நம் உச்சரிப்போடுதான் போனது, எனக்கு அது போதும்.

போன வழி இன்னும் சுவையானது. முதலில் காதில் வாங்கியவர்கள் போர்ச்சுக்கீசியர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை அவர்களுக்குப் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதுத்துறை. இந்தக் கடற்கரைச் சந்தைகளில் ‘காசு’ என்று கேட்டதை அவர்கள் ‘கைஷா’ என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! அதே லத்தீன் கப்ஸாவின் இன்னொரு பிள்ளை. பெட்டியின் பெயரை நாணயத்துக்கு ஏற்றி எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அந்தக் கைஷாவைத் தங்களிடம் முன்பே இருந்த ‘கேஷ்’ போலவே ஒலித்து, ஒரே எழுத்தில் எழுதினார்கள். பிறப்பால் தொடர்பில்லாத இரண்டு சொற்கள் போர்ச்சுக்கீசியன் வீட்டு வாசலில் முதலில் சந்தித்து, ஆங்கிலேயன் வீட்டில் ஒன்றாகவே ஆகிவிட்டன. நாம் மேடையில் குழப்புவதற்கு முன்னூறு, நானூறு வருஷம் முன்பே அவர்கள் குழப்பிவிட்டார்கள்.

நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசையும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் எழுதுகிறார்கள். சீனருக்கு அப்படி ஒரு சொல்லே கிடையாது. சோழமண்டலக் கரையில் கற்ற பெயரை வணிகர்கள் அங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சென்னை ராஜதானியில் 1818இல் ரூபாய் வரும்வரை இந்த வாய்பாடுதான். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று அப்போது மாற்றினார்கள். காசு அவர்களுக்குக் ‘கேஷ்’, பணம் ‘ஃபானம்’.

“காசு பணம் இருந்தா வா” என்று பேசுகிறோமே, அதில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் அடுக்கியிருப்பதாகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஒருகாலத்தில் அவை இரண்டு நாணயம், செம்பு ஒன்று, பெரும்பாலும் பொன் ஒன்று. அண்ணியிடம் சொன்னேன். “அப்ப காசு சின்னது, பணம் பெருசு, பேச்சுலயும் அந்த வரிசையிலதான வருது” என்றார். எனக்குத் தோன்றாதது.

அதற்கும் எண்ணூறு வருஷம் முன்னால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு பொன். கோயில் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, ஒரு காசுக்கு வருஷம் அரைக்கால் காசு பொலிசை கட்டின. நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஈழக்காசு பேசப்படுகிறது. பொன்னாக இருந்த பெயர் செம்புக்கு இறங்கியது இடையில் எப்போதோ.

இந்தக் கரையை ஒரு நாள் பஸ் பயணத்தில் பார்த்துவிடலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், கடலூரில் 1690இல் மராட்டியரிடம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பரங்கிப்பேட்டையில் ஒருவர் மாற்றி ஒருவர், தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். எல்லோருக்கும் சில்லறை வேண்டியிருந்தது, எல்லோரும் இங்கே நாணயம் அடித்தார்கள். டேனிஷ் நாணயத்தில் அது ‘காஸ்’. பிரெஞ்சில் ‘காஷ்’. ஐரோப்பியர் ஒருவர் பின் ஒருவராக வந்தும், சந்தையில் கீரை விற்ற அம்மாவிடம் செல்லுபடியாக வேண்டுமென்றால் அவள் சொல்லும் பெயரைத்தான் வைக்க வேண்டியிருந்தது. புதுச்சேரி நாணயத்தின் ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னரின் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’. காரைக்கால் நாணயத்திலும் தமிழ் எழுத்து உண்டு.

நாமும் வாங்கியிருக்கிறோம். ‘துட்டு’ டச்சுக்காரரின் செப்புக்காசுப் பெயரான ‘டாய்ட்’டிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. காசு கப்பலேறிய அதே துறையில் துட்டு இறங்கியிருக்கிறது. பாப்பாவின் பேச்சில் இதுவும் இருக்க வேண்டும். கொடுத்ததை மட்டும் சொல்லிவிட்டு வாங்கியதை மறைப்பது கடைக்காரன் கணக்குக்கு ஒப்பாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வடலூருக்குப் போகும் வண்டிகளால் ரோடு நிறைந்திருந்தது. கடை லீவு. ஒன்றும் படிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்கு நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

டி.ஏ.பி. உரம் வாங்க வந்த பெரியவர், பக்கத்து ஊர்க்காரர், பாப்பாவின் பேச்சைப் பற்றி அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கிறார். வேட்டி மடிப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, “இதப் பாரு தம்பி” என்று ஒரு செப்புக்காசைக் கையில் வைத்தார். அவர் தாத்தாவின் பெட்டியில் இருந்ததாம். ஓரம் வழவழவென்று தேய்ந்து, மேடான இடங்கள் பழுப்பும் பள்ளங்கள் கறுப்புமாக இருந்தது. கடை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு பக்கம் கேடயம், இரண்டு புறமும் நிற்கும் சிங்கங்கள், கம்பெனியின் பெயர், 1803. மறுபக்கம் பாரசீக எழுத்து. அதற்குக் கீழே ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’.

இது பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ பட்டறையில் நீராவி இயந்திரத்தால் அடித்து, சென்னை ராஜதானிக்காகக் கப்பலில் வந்த வகை. பாரசீகத்தில் எழுதியிருப்பது ‘தஹ் காஸ் தோ ஃபுலூஸ் அஸ்த்’. பத்துக் காசு இரண்டு ஃபுலூஸ். நம் சொல் அந்தச் சின்ன வட்டத்தில் இரண்டு முறை இருக்கிறது, பாரசீகத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. புதுச்சேரிக் காசையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எனக்கு இது வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அதைக் கையில் வாங்கிப் புழங்கியவர்களில் பாரசீகம் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இதே வகையில் 1808ஆம் ஆண்டிட்ட பத்துக் காசும் இருபது காசும் டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கம்பெனிக் கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பவர்கள் போல இறங்கி இலட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். இன்றைக்கு வெளிநாட்டில் நாணயம் சேர்ப்பவர்கள் கையில் இருக்கும் தமிழ்நாட்டுக் காசில் நிறைய இந்தத் தரையைத் தொடாதது. ஒரு படி அரிசியும் வாங்காமல் நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் உப்புத் தண்ணீரில் கிடந்த காசு.

பெரியவரிடம் சொன்னேன். நெடுநேரம் அந்தக் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “அப்ப இது கரை சேந்தது” என்றார். மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கேஷியர் என்றால் பெட்டி காப்பவர். காசாளர் என்றால் காசை ஆள்பவர். சிதம்பரத்தில் வங்கிக் கூண்டுக்கு மேல் இரண்டும் அடுத்தடுத்து எழுதியிருந்தது. ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றே வினை உண்டு. அது மூன்றாவது குடும்பம், உடைத்தல், செல்லாததாக்கல் என்ற பொருளில் டச்சு வழியாக வந்தது. பெட்டிக்கும் காசுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. நான் பயந்த மாதிரி முகம் வாடவில்லை. “அப்ப ரெண்டு கேஷ் இருக்குன்னு சொல்றேன். ஒண்ணு அவங்களது, ஒண்ணு நம்மளது” என்று உட்கார்ந்து திருப்பி எழுதினாள். அவள் எழுதியது என் குறிப்புகளைவிடத் தெளிவு. போர்ச்சுக்கீசிய வாசலை அப்படியே எடுத்துக்கொண்டாள். அண்ணி சொன்ன காசு பண வரிசையையும் சேர்த்திருக்கிறாள்.

ஆசிரியை கேட்டுவிட்டு, நேரம் மீறிவிடும், எதையாவது குறை என்றாராம். கூடவே, எல்லோருக்கும் தெரிந்தபடி ‘கேஷ் என்பது காசே’ என்று ஒரே வரியில் முடித்தால் கைதட்டல் வருமே என்றும் கேட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வரியை அகராதி தெரிந்த யாரும் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிடுவார்கள், தள்ளும்போது கட்டுமரத்தையும் அணைக்கட்டையும் சேர்த்தே சந்தேகப்படுவார்கள். நான் இதைச் சொல்லும் முன்பே அவள் மிளகுத்தண்ணீரையும் சுருட்டையும் அடித்துவிட்டுக் காசை முழுசாக வைத்துக்கொண்டாள்.

பெரியவரிடம் காசை ஒரு நாள் தர முடியுமா என்று கேட்டேன். கை மாற்றித் தர மனசில்லை, தானே கொண்டுவருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடைக்கு வருவார். அண்ணனைக் கல்லாவில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.