மூன்று சவர அலகுகள்

வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே, வங்கக் கடலை நோக்கிக் கிடக்கும் எங்கள் கதிரவெளியில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. கதவுக் கீல் முதல் சைக்கிள் சங்கிலி வரை யாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். அத்தகைய ஊரில் மாமா ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினைப் பல்லாண்டு காலம் பேணி வந்தார். 1978 நவம்பர்ச் சூறாவளியில் வள்ளம் போயிற்று. வீட்டுக் கூரையும் போயிற்று. சாக்கினாற் சுற்றி வைத்திருந்த எஞ்சின் தப்பியது. அடுத்த வள்ளத்திலும் அதனையே பூட்டினார்.

சனிக்கிழமை மாலைதோறும் அதற்குப் பராமரிப்பு நடைபெறும். எனக்கு அப்போது 12 வயது. பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பதே முதல் வேலை. இளங்கபில நிறமாயின் எரிதல் செவ்வையாக நடைபெறுகிறது. கரி படிந்து ஈரமாயிருப்பின் எரிபொருள் மிகுந்துள்ளது, அல்லது பொறி தளர்ந்துள்ளது. வெளுத்திருப்பின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடுகிறது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போன்றதே இதுவும்.

அடுத்தது பொயின்ற். சுழற்சக்கரத்திலுள்ள துவாரத்தின் வழியே அதனைப் பார்த்து, கருகிய முகத்தை மெல்லிய அரத்தால் உரசி, எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். அது 0.35 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அளவுத் தகடு எங்களிடம் இருக்கவில்லை. சவர அலகு ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். மூன்று அலகுகள் ஒன்றாகச் சேர்ந்து, சற்றே தளர்வாக நுழைந்தால் மாமா தலையசைப்பார். அந்தத் தளர்வு எவ்வளவு என்று அவர் ஒருபோதும் கூறியதில்லை, விரல் அறியும்.

பின்னாளிற் பேராதனையில் பொறியியல் பயின்றபோதுதான் அந்த இடைவெளியின் பொருள் விளங்கியது. சக்கரத்திற் பதித்த காந்தம் சுருளைக் கடந்து செல்கையில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் ஃபரடே கண்ட தூண்டலே அது. பொயின்ற் திறந்து அவ்வோட்டத்தைத் திடீரெனத் துண்டிக்கும் கணத்தில், இரண்டாஞ் சுருளில் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் எழுந்து பிளக்கின் முனையிற் பொறியாகப் பாய்கிறது. பொயின்ற் கருகாதவாறு காப்பது அருகிலுள்ள சிறு கொண்டென்சர். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இரட்டை வீச்சு எஞ்சினில், சிலிண்டர் ஒன்றுக்குச் செக்கனுக்கு 50 பொறி. இவ்வுயரழுத்தக் காந்த மின்னாக்கியை 1902இல் பொஷ் பட்டறையில் உருவாக்கிய கொட்லொப் ஹொனொல்ட், மோட்டார் வாகனங்களை மனத்திற் கொண்டே அதனைச் செய்தார். உப்புநீரில் நனையும் வள்ளத்தை அவர் நினைத்திருக்க நியாயமில்லை. உப்புநீரோ மின்னைக் கடத்துவது. பிளக்கின் தொப்பிக்குள் அது கசிந்துவிட்டால் அத்தனை அழுத்தமும் பொறியாகாமல் எஞ்சினின் உடலுக்கே வழிந்தோடிவிடும். ஆகவே தொப்பியைக் கழற்றி, நன்னீரால் துடைத்து, உலர்த்திப் பூட்டுவதே மாமாவின் கடைசிக் கட்டளை. ஐந்து நிமிட வேலை.

1980ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இருக்கவில்லை. கோயிலடியில் வடமோடிக் கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்; மத்தளம் கேட்டது. எஞ்சினின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு எழுந்தேன்.

"எல்லாம் பார்த்தியா மருமகன்?"

"ஓம் மாமா."

திங்கட்கிழமை கச்சான் வீசியது. மேற்கிலிருந்து வருங் காற்றாதலின், ஓடாத வள்ளத்தை அது கரையை விட்டு அப்பாலே தள்ளும். எங்கள் பக்கத்துக் கடல் விரைவில் ஆழங் காண்பது. சற்றுத் தொலைவு போனால் நங்கூரமும் நிலம் தொடாது. பொழுதுபட்டது, மாமா வரவில்லை. மாமி வாசலில் விளக்கை வைத்துவிட்டுக் கடற்கரையிற் போய் இருந்தார். நானும் போயிருந்தேன். எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. அதனைச் சொல்ல வாயெழவில்லை.

மறுநாள் முற்பகலில் வேறொரு வள்ளம் அவரைக் கட்டி இழுத்து வந்தது. வெயிலில் உதடு வெடித்திருந்தது. துடுப்புப் பிடித்த உள்ளங்கைகளிற் தோல் இல்லை. தண்ணீர் குடித்தார், சற்று நேரம் படுத்தார். மாலையில் என்னை அழைத்து, எஞ்சின் மூடியைக் கழற்றி, பிளக்கின் தொப்பியை இழுத்து என் கையில் வைத்தார். உள்ளே பச்சையாகக் களிம்பும் உப்பும் பூத்திருந்தன. ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை; தகரப் பெட்டியிலிருந்து துணியையும் மூன்று சவர அலகுகளையும் எடுத்துத் தந்துவிட்டு, தோலுரிந்த கைகளை மடியில் மலர்த்தி வைத்தபடி மணலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.